துண்டுகள் எல்லாம் கிடைத்தனவா?

எங்கள் அண்ணியைப் பற்றி யாராவது "பாவம், சுகர் பேஷண்ட்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் பாவம் பார்க்க வேண்டிய ஆள் இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காமல், சம்பளமே இல்லாத ஒரு வேலையை, சம்பளம் வாங்கும் வேலையோடு சேர்த்துப் பார்த்துவருகிற மனுஷி. அந்த இரண்டாவது வேலைக்கு மேலதிகாரி கையகலத்தில் ஒரு சின்ன மீட்டர். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தால் ஓர் எண்ணைக் காட்டும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண்ணை இருட்டிக்கொண்டு வரும், அந்த நிமிஷமே இனிப்பு வாயில் போயாக வேண்டும். இருநூறுக்கு மேலே ஏறினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதுதான் கொடுமை. தெரியாமலே உள்ளுக்குள் நரம்பையும் கண்ணையும் அரித்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் விடிந்ததிலிருந்து அடையும்வரை நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. செய்து பாருங்கள் தெரியும்.

அண்ணிக்கு இன்சுலின் மாத்திரையாகக் கிடையாது, ஊசிதான். சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் சோதிக்க வேண்டும், எண்ணுக்குத் தகுந்த அளவு போட வேண்டும், போட்ட பிறகு சாப்பிட்டே தீர வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் எண் சரசரவென்று இறங்கும். இதை நான் எங்கள் தெருவில் கரடியாகக் கத்திச் சொல்லியிருக்கிறேன். யார் காதிலும் ஏறாது. "இனிப்பைத் தொடாம வாயைக் கட்டினா சரியாயிடும்" என்பார்கள். எதிர் வீட்டுக்காரி ஏதோ ஒரு பட்டைத்தூளைக் கொண்டுவந்து நீட்டுவாள். அண்ணி வாங்கி, சிரித்து, அலமாரியில் வைத்துவிடுவார். அந்த அலமாரியில் ஒரு நாட்டு மருந்துக் கடையே வைக்கலாம்.

என் அண்ணனும் இதில் சேர்த்திதான். கல்யாணம் ஆகி நாலாம் வருஷம் நோய் தெரிந்தபோது அவர் முதலில் செய்த காரியம், சர்க்கரை டப்பாவை எடுத்துப் பரணில் வைத்ததுதான். அவர் ஆறடி ஆள். அண்ணி என் தோளுக்கு இருப்பார். பள்ளிக்கூட லீவு நாள் ஒன்றில் காலையில் அண்ணிக்கு எண் ஐம்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஸ்டூலைப் போட்டு ஏறப் பார்த்து, ஸ்டூலோடு சரிந்து, தரையில் உட்கார்ந்தபடியே என் பள்ளிக்கூடப் பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்துத் தின்றிருக்கிறார். நெற்றியில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. அன்று சாயங்காலம் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் குளியலறை உட்பட எல்லா இடத்திலும் சர்க்கரை இருக்கும், எறும்பும் இருக்கும்.

பிறகு நானும் வளர்ந்து அண்ணி வேலை பார்த்த தையல் ஃபேக்டரிக்கே போய்ச் சேர்ந்தேன். பச்சைக் குழந்தைகளுக்கான உள்சட்டை தைக்கிற இடம். வரிசைக்கு முப்பது மெஷின். அண்ணி பதினேழாம் நம்பர் மெஷின். கழுத்துப்பட்டி வைத்துத் தைப்பது அவர் வேலை, மணிக்கு நூற்றுப் பத்து. நான் அந்த வரிசையின் கடைசியில் செக்கிங் மேஜையில் நின்று தையலைப் பார்க்கிறேன். எத்தனையோ ஆயிரம் கழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். அண்ணி தைத்த கழுத்தைத் திருப்பி அனுப்பியதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அண்ணி தன் சோதனைச் சாமான்களுக்கு ஒரு பை தைத்து வைத்திருந்தார். வெட்டுத்துணியில் மிஞ்சிய இளநீலத் துண்டு. மீட்டருக்கு ஓர் அறை, ரத்தச் சொட்டு வைக்கும் பட்டைகளுக்கு ஒன்று, விரல் குத்தும் ஊசிகளுக்கு ஒன்று, இன்சுலின் பேனாவுக்கு நீளமாக ஒன்று. மெஷினுக்கு அடியில் கொக்கியில் தொங்கும். பத்தேகாலுக்கு டீ இடைவேளை ஏழு நிமிஷம், அதில் ஒரு சோதனை. பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஒரு சோதனை, அப்படியே திரும்பி உட்கார்ந்து வயிற்றில் ஓர் ஊசி. பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாட்டு மணி. குத்துவது எப்போதும் இடது கை மோதிர விரலின் ஓரத்தில். துணியைத் தள்ளிக்கொடுக்கும் விரல்களைத் தொடவே மாட்டார். வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு ரத்தம் பட்டால் அந்தப் பீஸ் போச்சு. ஆறு வருஷத்தில் ஒரு பீஸ்கூட அப்படிப் போனதில்லை.

எங்கள் ஃபேக்டரியில் ஊசிக்கு இருக்கும் மரியாதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். குழந்தைச் சட்டையில் உடைந்த ஊசிமுனை மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நியாயமான பயம்தான், நான் மறுக்கவில்லை. அதனால் மெஷினில் ஊசி உடைந்தால் வரிசை முழுக்க அப்படியே நின்றுவிட வேண்டும். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, ஊசி ஜன்னலில் இருக்கும் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் காந்தம். அவர் துண்டுகளை வெள்ளைத்தாளில் வைத்து ஒட்டிப் பார்த்து, முழு ஊசியின் நீளம் வந்தால்தான் புது ஊசி கொடுப்பார். பிறகு ஓர் ஏட்டில் ஏற்ற வேண்டும். தேதி, நேரம், மெஷின் நம்பர், உடைந்த பொருள், காரணம் என்று வரிசையாகக் கட்டங்கள். அதற்கடுத்த கட்டத்தின் தலைப்பு 'துண்டுகள் எல்லாம் கிடைத்தனவா?' என்பது. கடைசியில் ஃப்ளோர் இன்சார்ஜ் கையெழுத்து. துண்டுகளையும் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டுவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் கிடைக்கிறவரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது.

இன்சார்ஜுக்கு மணிக்கூண்டு என்று பெயர். ஆள் உயரம், சாப்பாட்டு மணியும் அவர் கையில். டார்கெட் முடியாத நாளில் மணி பத்து நிமிஷம், இருபது நிமிஷம் தள்ளி அடிக்கும். கேட்டால், "மணி அடிக்கும்போதுதான்மா மணி" என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அது நகைச்சுவை. மணி தள்ளிப்போனால் மற்றவர்களுக்குப் பசி, அண்ணிக்கு உயிர். அதற்காகவே அண்ணி தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் இருக்கும் சாப்பாட்டுப் பை அலமாரியில் குளுக்கோஸ் மிட்டாய் வைத்திருப்பார். தைக்கிற இடத்தில் தின்பண்டம் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

போன வருஷம் ஒரு நாள், பெட்டி போட்டு அனுப்பும் இடத்தில் உலோகம் கண்டுபிடிக்கும் மெஷின் கத்தியது. ஏதோ ஒரு சட்டைக்குள் இரும்பு. மணிக்கூண்டு ஓடிவந்தார், ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து பார்த்தார், பதினேழுக்கு அடியில் நீலப்பையைக் கண்டார். எடுத்து மேஜையில் கொட்டினார். விரல் குத்தும் ஊசிகள் முப்பது நாற்பது உருண்டன. ஏதோ திருட்டுச் சாமானைப் பிடித்ததைப் போல ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இவ்வளவு ஊசி உள்ள கொண்டுவந்திருக்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாம்மா?" என்றார்.

"சேர்ந்த அன்னிக்கே எழுதிக் கொடுத்தேன் சார். ஆபீஸ்ல இருக்கும்," என்றார் அண்ணி.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. முகம் மட்டும் சிவந்துவிட்டது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் "ரத்தம் குத்துற ஊசியாம்" என்று முகம் சுளித்ததை நான் பார்த்தேன். அவள் பெயரை இன்றுவரை மறக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து இரும்பு கிடைத்தது. ஸ்டேப்ளர் பின். கட்டுகளில் நம்பர்ச் சீட்டு குத்த ஆபீஸ்காரர்களே அடித்த பின். தையல் ஃப்ளோருக்குள் ஸ்டேப்ளரே வரக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவர்களும் அவர்களேதான். யாரும் அண்ணியிடம் வந்து "தப்பு எங்க பேர்ல" என்று சொல்லவில்லை. மாறாக, மறுநாள் காலை ஒரு நோட்டீஸ் தொங்கியது. சொந்தமாகக் கூர்மையான எந்தப் பொருளையும் கேட்டுக்கு உள்ளே கொண்டுவரக் கூடாது. வைத்திருப்பவர்கள் கேட் காவலாளியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். குற்றம் ஸ்டேப்ளருடையது, தண்டனை மீட்டருக்கு. அதைப் படித்தபோது எனக்கு வந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கேட்டுக்குப் போக இரண்டு மாடி இறங்கி, லாரிகள் நிற்கும் இடத்தைத் தாண்ட வேண்டும். மணிக்கூண்டிடம் சீட்டு வாங்க வேண்டும். போய்வரப் பதினொரு நிமிஷம். டீ இடைவேளை ஏழு நிமிஷம். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

நான் சொன்னேன், "அண்ணி, டிபன் டப்பாக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வந்துடலாம். யார் பார்க்கப் போறா?"

"நான் என்ன திருடியா, ஒளிக்கறதுக்கு?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பிறகு அண்ணி செய்ததை யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். மயங்கி விழுந்தால் வேலை போய்விடும். எண் ஏறினால் வேலை போகாது. அதனால் வேண்டுமென்றே ஏற்றி வைத்துக்கொண்டார். மதிய ஊசியைப் பாதியாகக் குறைத்தார், பல நாள் போடவே இல்லை. இருநூற்றைம்பதில் தைத்தார். தாகம் எடுக்கும், தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும், அப்படி எழுந்து போக வரிசைக்கு ஒரே ஒரு டோக்கன். தாகத்தோடே தைத்தார். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைப் பிழிந்துபோட்டது மாதிரிக் கிடப்பார். ஏழு மாதம் இப்படி.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. எப்போதும் ஏழு சொச்சத்தில் நிற்பது ஒன்பதரைக்கு வந்துவிட்டது. டாக்டர் அண்ணி தினமும் எண்களைக் குறித்துவைக்கும் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டினார். பகல் கட்டங்கள் எல்லாம் காலி.

"இவ்ளோ வருஷம் ஒழுங்கா இருந்தீங்க. இப்ப ஏன் இந்த அலட்சியம்?" என்றார்.

அலட்சியமாம். நான் வாயைத் திறந்தேன், அண்ணி மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். "சரி பண்ணிடறேன் டாக்டர்," என்றார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் சொன்னார், "வாயாடி, அவர்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவரா மணி அடிக்கிறார்?"

மறுநாள் அண்ணி மதிய ஊசியை முழு அளவு போட்டுக்கொள்வதென்று முடிவெடுத்தார். பன்னிரண்டு இருபதுக்குச் சீட்டுக் கேட்டு வாங்கி, கேட்டுக்கு ஓடி, காவலாளி முன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஊசி போட்டுக்கொண்டு, மேலே ஏறிவந்து மெஷினில் உட்கார்ந்தார். இன்னும் பத்து நிமிஷத்தில் மணி அடிக்கும்.

அடிக்கவில்லை. மதியம் லாரி ஏற்ற வேண்டுமாம், மணிக்கூண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பன்னிரண்டு ஐம்பது. பன்னிரண்டு ஐம்பத்தைந்து. மிட்டாய் மஞ்சள் கோட்டுக்கு அப்பால், டோக்கன் வேறொருத்தி கையில். இதோ அடித்துவிடும், இதோ அடித்துவிடும் என்று அண்ணி தைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். சரியாக ஒரு மணிக்குப் பதினேழாம் மெஷினில் டக்கென்று ஒரு சத்தம். கை நடுங்கித் துணி இழுபட்டு ஊசி உடைந்துவிட்டது.

வரிசை நின்றது. எல்லாரும் எழுந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம், அதுதான் சட்டம். காந்தம் தன் ஜன்னலை விட்டு வந்து குனிந்தார். இரண்டு துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. எள்ளில் பாதி இருக்கும் அந்த முனை. தரையைக் காந்த விளக்குமாற்றால் கூட்டினார்கள், துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாக உதறினார்கள், டார்ச் அடித்தார்கள். மணிக்கூண்டே முழந்தாளிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஒரு மணி ஏழு ஆனது. முனை கிடைக்கும்வரை சாப்பாட்டுக்கும் போகக் கூடாது.

அண்ணியை நான் அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். தூக்கிய கை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்து, முதுகுத்துணி நனைந்து ஒட்டி, ஏதோ சொல்லப் பார்த்து வார்த்தை குழறியது. அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் செக்கிங் மேஜையைத் தள்ளிவிட்டு ஓடினேன். "யாரும் நகரக் கூடாது," என்று மணிக்கூண்டு கத்தினார். மஞ்சள் கோட்டைத் தாண்டி அலமாரியில் பையை இழுத்துக் கிழித்து, மிட்டாயைக் கொண்டுவந்து அண்ணி வாயில் நாலைந்தைத் திணித்தேன்.

"கோட்டைத் தாண்டி எவ்வளவு தைரியம் உனக்கு? ஃப்ளோருக்குள்ள தின்பண்டம் வேற," என்றார் அவர்.

"நீங்க தேடுங்க சார், முனை முக்கியம்," என்றேன். அவருக்குக் கிண்டல் புரியவில்லை, தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். முனை ஒன்றேகாலுக்குக் கிடைத்தது. அண்ணி போட்டிருந்த மேல்சட்டையின் மடிப்பிலேயே இருந்தது.

சாப்பிட்ட பிறகு அண்ணியும் நானும் துண்டுகளோடு ஊசி ஜன்னலுக்குப் போனோம். காந்தம் மூன்றையும் இடுக்கியால் எடுத்து, வெள்ளைத்தாளில் சேர்த்து வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார். கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பக்குவம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இந்த ஊசியா பொறந்திருந்தாலாவது எங்க அண்ணிக்கு மரியாதை கிடைச்சிருக்கும்," என்றேன்.

அண்ணி என்னைக் கவனிக்கவில்லை. ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, ஒரு ஊசி இந்த ஃப்ளோருக்குள்ள முறைப்படி வரணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

காந்தத்துக்குச் சட்டத்தைப் பற்றி யாராவது கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். "கேட்ல இருந்து நான் உள்வரவுச் சீட்டுப் போட்டு எடுத்துவரணும். இந்த ஜன்னல்ல இருக்கணும். ஒண்ணொண்ணா கொடுக்கணும், கொடுத்தது முழுசா திரும்பி வரணும், ஏட்டுல ஏறணும். ஊசி மட்டும் இல்லம்மா. கத்தரி முனை, பட்டன், இந்த ஃப்ளோர்ல உடைஞ்சது எதுவானாலும் இதுல ஏறாம தப்பிக்க முடியாது."

"அப்போ என் ஊசியைப் பையோட நீங்க எடுத்துவந்து வெச்சுக்க முடியுமா? ஒண்ணு வாங்கறேன், குத்தறேன், திருப்பித் தர்றேன். ஏட்டுல எழுதறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் யோசித்தார். உதவி செய்யலாமா என்று அவர் யோசிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். சட்டத்தில் இடமிருக்கிறதா என்றுதான் யோசித்தார். கடைசியில், "சொந்தமா வெச்சிருக்கக் கூடாதுன்னுதான் நோட்டீஸ். என் ஜன்னல்ல இருந்தா அது சொந்தம் இல்ல, ஸ்டாக்," என்றார். "ரத்தம் பட்ட ஊசிக்கு மூடி மாட்டிக் கொடும்மா. ரெண்டு சுத்து டேப் போட்டு ஒட்டணும்."

ஜன்னல் அண்ணியின் மெஷினிலிருந்து பதினெட்டு அடி. டீ இடைவேளையில் போய் ஒன்று வாங்கிச் சோதிப்பார். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஒன்று. பேனாவில் மாட்டும் ஊசி ஒன்று. எல்லாம் திரும்பிப் போய் ஏட்டில் ஒட்டப்படும். 'காரணம்' என்ற கட்டத்தில் மற்றவர்கள் 'தடித்த துணி' என்றோ 'கவனக்குறைவு' என்றோ எழுதுவார்கள். அண்ணி தன் பொடிப்பொடிக் கையெழுத்தில், '12.35. அளவு 112. ஊசி போட்டாச்சு. மணி அடித்தது 12.58' என்று எழுதுவார். '10.15. அளவு 74. மிட்டாய் ரெண்டு.' 'மணி அடித்தது 1.04. அளவு 58. மிட்டாய் நாலு.' துண்டுகள் எல்லாம் கிடைத்தனவா? ஆம்.

மணிக்கூண்டு தினம் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து அந்த ஏட்டில் கையெழுத்துப் போடுவார். வீட்டுக்குக் கிளம்பும் அவசரம், ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் பேனா. படிக்கவே மாட்டார், வரிக்கு ஒரு கிறுக்கல். பத்தொன்பது நாள் இப்படிக் கையெழுத்துப் போட்டார். தான் மணியைத் தள்ளி அடித்ததற்குத் தானே சாட்சிக் கையெழுத்து. எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. அது சர்க்கரை ஏறாத இனிப்பு.

இருபதாம் நாள் எங்கள் சட்டைகளை வாங்கும் கம்பெனியிலிருந்து ஃபேக்டரியைச் சோதிக்க ஆடிட்டர் வந்தார். வந்தால் முதலில் பார்ப்பது அந்த ஏடுதான். ஏடு முன்னைவிட இரண்டு மடங்கு புடைத்திருந்தது. பிரித்தார், நிமிர்ந்தார், பதினேழாம் மெஷினைக் கூப்பிடச் சொன்னார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போனேன்.

"இது என்ன ஊசி?" என்றார். அண்ணி சொன்னார். ஆடிட்டர் மணிக்கூண்டைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

மணிக்கூண்டுக்கு ஆமாம் என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு. "ஆமா சார், எல்லாம் முறைப்படி என் கவனத்துலதான் நடக்குது," என்றார். காந்தம் அவரைப் பார்த்த பார்வையைப் படம் பிடித்து வைத்திருக்கலாம்.

ஆடிட்டர் ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டினார். போனது எத்தனை, வந்தது எத்தனை என்று சரிபார்த்தார். "எல்லாத் துண்டும் இருக்கு. ரொம்ப நல்ல ரெக்கார்டு," என்று சொல்லி ஏட்டை மூடினார். எனக்குக் கோபம் அப்படியே ஏறிவிட்டது. சட்டைக்குள் இரும்பு போகவில்லை என்றால் அவருக்குப் போதும். அதை எழுதிய ஆளுக்கு என்ன ஆனால் என்ன?

அண்ணி ஏட்டின் மேல் கையை வைத்தார். "சார், காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதையும் படிங்க."

ஆடிட்டர் மறுபடி திறந்தார். முதலில் மனதுக்குள் படித்தார், பிறகு வாய்விட்டுப் படித்தார். மணி அடித்தது பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. மணி அடித்தது ஒன்று நாலு. அளவு ஐம்பத்தெட்டு. மணி அடித்தது ஒன்று பத்து. பக்கத்துக்குப் பக்கம் இன்சார்ஜின் அதே கையெழுத்து. மணிக்கூண்டு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டு எடுத்தார்.

மறுநாளிலிருந்து பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடிக்கிறது, நொடி பிசகாமல். நீலப்பை பதினேழாம் மெஷினின் கொக்கிக்கு முத்திரை குத்திய அனுமதிக் கடிதத்தோடு திரும்பி வந்தது. ஆனால் ஊசிகள் மட்டும் ஜன்னலில்தான் இருக்கட்டும், ஏடும் நடக்கட்டும் என்று அண்ணியே சொல்லிவிட்டார். நோட்டீஸ் போர்டில் அண்ணி படத்தைப் போட்டு 'தொழிலாளர் நலனில் எங்கள் அக்கறை' என்று ஒட்டினார்கள். அவர்கள் அக்கறையாம். அதை நான் இரண்டு முறை கிழித்திருக்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். போன மாதம் அண்ணி வருஷாந்திரக் கண் பரிசோதனைக்குப் போனார். போன வருஷம் சுத்தமாக இருந்த கண். இந்த வருஷம் வலது கண்ணுக்குள் ரத்தக்கசிவு. மங்கலாகிவிட்ட அந்த ஓரப்பார்வை இனித் திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்ற லேசர் வைக்கலாம் என்றார் கண் டாக்டர். அந்த ஏழு மாதத்தால் வந்ததா என்று நான் கேட்டேன். "பன்னிரண்டு வருஷ நோய், அதுவாகவும் வந்திருக்கலாம்மா. ஏழு மாசம் ஏத்தி வெச்சதும் ஒரு காரணமா இருக்கலாம்," என்றார். இருக்கலாம், வந்திருக்கலாம். ஊசிமுனையைத் தேடும்போது மட்டும் யாரும் 'இருக்கலாம்' என்று சொல்லி எழுந்து போனதில்லை.

மறுநாள் டீ இடைவேளையில் அண்ணி கண் மருத்துவமனைத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஏட்டை வாங்கித் தேதி போட்டார். மெஷின் நம்பர் 17. உடைந்த பொருள்: வலது கண். காரணம்: ஏழு மாதம் பை கேட்டில் இருந்தது.

காந்தம் தலைகீழாகவே படித்துவிட்டார். "இது ஊசி இல்லையேம்மா," என்றார் மெதுவாக.

"இந்த ஃப்ளோர்ல உடைஞ்சது எதுவானாலும் ஏறணும்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணே?"

அவர் டேப்பை எடுத்து, அந்தத் தாளை நாலு மூலையிலும் சுருக்கமில்லாமல் தன் கையால் ஒட்டினார். அடுத்த கட்டத்தை அண்ணி நிரப்பினார். துண்டுகள் எல்லாம் கிடைத்தனவா? இல்லை.

அன்று ஐந்தரைக்கு மணிக்கூண்டு வந்தார். இப்போதெல்லாம் அவர் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். மேலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார். அந்த வரியில் பேனா நின்றது. ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். படித்தார், மறுபடி படித்தார், அதைத் தாண்டிக் கீழே இருந்த வரிகளுக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஆடிட் வருவதற்குள் அந்தக் கையெழுத்துக் கட்டம் நிரம்பியாக வேண்டும், காலிக் கட்டத்தோடு ஏட்டைக் காட்ட முடியாது. அண்ணி தினமும் காலையில் மெஷினில் உட்காருவதற்கு முன்னால் ஜன்னலுக்குப் போகிறார். ஏட்டைப் பிரித்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து இடது கண்ணால் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார். "போடலையா அண்ணே?" என்று கேட்கிறார். "இன்னும் இல்லம்மா," என்கிறார் காந்தம்.